மேட்டுத்துறை மச்சான்

பேராசிரியர் தாண்டவராயனுக்குப் பொன்னாடை போர்த்துவதில் ஒரு வசதி இருந்தது. ஆள் உயரம் அதிகமில்லை. போர்த்துகிறவர் எக்க வேண்டியதில்லை. அதோடு அவரே சற்றுக் குனிந்து, தோளைத் தளர்த்தி, முகத்தைப் புகைப்படக்காரர் பக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பழகிய உடம்பு. சிதம்பரத்தில் அவர் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில், சிவில் துறையின் வாசலிலேயே அவருடைய பட்டங்களையும் விருதுகளையும் ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். இடம் போதாமல் ஒருமுறை பலகையை மாற்ற வேண்டிவந்தது. புதுப் பலகைக்கு அளவு கொடுத்ததே அவர்தான் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். பொய்யாக இருக்காது.

அதற்காக அவரை ஒன்றுமில்லாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கடலூருக்குத் தெற்கே பூவாடிக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் பிறந்து, அந்தக் கரையிலேயே முதல் ஆளாக இன்ஜினியரிங் முடித்து, கடலோரக் கட்டுமானத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராதபோது அவர் சின்னப் பையன். அக்கா ராணியம்மாள்தான் மீன் கூடை தூக்கிப் படிக்கவைத்தாள். வடக்கே அடுத்த ஊரான மேட்டுத்துறையில் அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் தலையிலிருந்து கூடை இறங்கவில்லை. கல்லூரி விடுதி வாசலில் கருவாட்டு வாசனையோடு வந்து நின்று, "எங்க தம்பிய செத்த கூப்புடுங்க" என்பாள்.

இதையெல்லாம் தாண்டவராயன் மறைத்தவரில்லை. மேடைதோறும் சொல்லுவார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும், நடிப்பில்லாமல் உண்மையாகவே தழுதழுக்கும். அது மேடையில் மட்டுமே தழுதழுத்தது என்பதுதான் இந்தக் கதையின் கோளாறு.

பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடலோர மணலைப் பற்றி அவர் வருஷா வருஷம் சொல்லும் பந்தி உதாரணம் மாணவர்களிடையே பிரசித்தம். "நம்ம கரையில மணல் சும்மா கெடக்கல. அலை அதைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கு. பந்தியில சாம்பார் வாளி வர்ற மாதிரின்னு வச்சிக்குங்க. முதல் எலைக்காரன் வாளியைப் பிடுங்கித் தன் பக்கத்துல வச்சிக்கிட்டா, அடுத்த எலைக்கு என்ன வரும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். வகுப்பே "வெறுஞ்சோறு சார்!" என்று கத்தும். கடலுக்குள் நீட்டிக்கொண்டு கல்லைக் கொட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கத்து ஊரைக் கடல் தின்னும். இந்த விஷயம் தேர்வில் கேள்வியாக வந்தால் அவருடைய மாணவர்களில் கடைசி பெஞ்சுக்காரன்கூட எழுதிவிடுவான்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. பூவாடிக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. மேட்டுத்துறை மட்டும் ஏறக்குறையத் தப்பித்தது. ஊரின் பெயருக்கே காரணமான பெரிய மணல்மேடு ஒன்று அங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் கிடந்தது. அலை அதில் ஏறிக் களைத்துத் திரும்பிவிட்டது. மேட்டின் பின்சரிவில்தான் ராணியம்மாளின் வீடு. புருஷன் கட்டிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்த ஓட்டு வீடு. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த வீடும் இந்தத் தம்பியும்தான்.

சுனாமிக்குப் பிறகு கரையைக் காப்பாற்ற ஏதாவது செய்தாக வேண்டும் என்று அரசாங்கம் பரபரத்தபோது தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள். பூவாடிக்குப்பத்துக்குத் தூண்டில் வளைவு போடலாம் என்றார் அவர். கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டிக்கொண்டே போய், நுனியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். சுனாமிக்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். ஆனால் அந்தச் சமயத்தில் கரை ஜனங்களுக்குக் கல்லைப் பார்த்தாலே தெம்பு வந்தது.

கல்லூரியில் ஒரு நீளமான சிமென்ட் தொட்டி கட்டி, மணல் பரப்பி, பூவாடிக்குப்பத்தின் கரையைச் சின்னதாகச் செய்தார்கள். மோட்டார் வைத்து அலை விட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். தொட்டியின் வடக்குச் சுவர் பூவாடிக்குப்பத்தோடு முடிந்துவிட்டது. மேட்டுத்துறை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வந்தவர்கள் உட்கார நாற்காலி போட்டிருந்தது.

தொட்டி அங்கே முடிந்ததே தவிர, விஷயம் அங்கே முடியாது என்று தாண்டவராயனுக்குத் தெரியும். திட்டத்தின் கடைசியில் அதையும் எழுதியிருந்தார்: தெற்கில் தேங்கும் மணலை வருஷம் தவறாமல் வாரி, வடக்குப் பக்கத்தில் கொட்ட வேண்டும். படித்துப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், கல்லு ஒரு தடவை போடறது. போட்டோம், தொறந்தோம், முடிஞ்சிது. மணல் வாரறது காலத்துக்கும் செலவு. இது இருந்தா ஃபைல் நகராது."

தாண்டவராயன் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். ஃபைல் ஓடியது.

கல் கொட்டி முடித்த மறுவருஷமே பூவாடிக்குப்பத்தில் மணல் சேர ஆரம்பித்தது. படகு நிறுத்த இடம், வலை காயப்போட இடம், பையன்கள் கிரிக்கெட் ஆட இடம். ஊர் அவரைக் கொண்டாடித் தீர்த்தது. 'கடலைக் கட்டிப்போட்ட பேராசிரியர்' என்று பத்திரிகையில் வந்தது. டெல்லியில் ஒரு விருது, சென்னையில் ஒரு பதக்கம், வெளிநாட்டுக் கருத்தரங்கில் ஒரு பேச்சு. துறை வாசலில் பலகை மாறியது இந்தச் சமயத்தில்தான்.

மேட்டுத்துறையில் மணல்மேடு கரைய ஆரம்பித்ததும் இந்தச் சமயத்தில்தான். முதலில் அடிவாரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. அப்புறம் தென்னைகள் வேர் தெரிய நின்றன. அப்புறம் விழுந்தன. ராணியம்மாள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எதிர் வூட்டுத் தென்னை ரெண்டும் போயிடிச்சிடா. கடலு கிட்ட வந்துக்கினே இருக்குது. என்னான்னு வந்து பாரேன்."

"மழை ஜாஸ்தி இல்ல அக்கா இந்த வருஷம், அதான். தானா சரியாப்போயிடும்."

அடுத்த வருஷம் மழை குறைச்சல். அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னார். இத்தனைக்கும் தூண்டில் வளைவை நேரில் காட்டுவதற்காக வெளியூர்ப் பேராசிரியர்களைக் காரில் அழைத்துக்கொண்டு மாதம் ஒருதரமாவது பூவாடிக்குப்பம் வரை வருவார். அங்கிருந்து அக்கா வீடு கூப்பிடு தூரம். போகமாட்டார். நேரமில்லை என்பார். போய்ப் பார்த்துவிட்டால் அப்புறம் தெரியாததுபோல் இருக்க முடியாதே, அந்த பயம்.

2011 ஆவணியில் மேட்டுத்துறைப் பஞ்சாயத்தார் நேரிலேயே சிதம்பரத்துக்கு வந்து அவரை அழைத்தார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். அவசியம் வர வேண்டும். ராணியம்மாள் அந்த ஊர் மருமகள் என்பதால் ஊருக்கே அவர் மச்சான். மச்சானை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. மேளம் வைத்து அழைத்துப்போய், சாமிக்குக் கட்டிய பரிவட்டத்தை அவர் தலையில் கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பழக்க தோஷம், பரிவட்டம் கட்டும்போதும் குனிந்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஊர்த் தலைவர் எழுந்து கும்பிட்டார்.

"மச்சான், ஒங்க ஊருக்குக் கல்லு போட்டீங்க, அவுங்க தெடமா இருக்கறாங்க. நாங்க இங்க நாளுக்கு நாள் தேஞ்சிக்கினு போறோம். எங்களுக்கும் அதே மாதிரி ரெண்டு தூண்டில் வளைவு போட்டுக் குடுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கவுருமெண்ட்டு தட்டாது."

எந்தக் கல் அவர்கள் ஊரைத் தின்கிறதோ அதையே கேட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அது தாண்டவராயனுக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டி, "செய்யலாம், கண்டிப்பா செய்யலாம்" என்றார்.

பெண்கள் சபையில் உட்காருவதில்லை. கோயில் மதிலை ஒட்டிக் கும்பலாக நின்றிருந்தார்கள். அதிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். தமிழினி. அந்த ஊர்க்காரர் சுப்புராயனின் மகள். தாண்டவராயனிடமே சிவில் படித்து முந்தின வருஷம்தான் வெளியே வந்தவள். அந்த ஊரில் பெண்களில் அவள்தான் முதல் இன்ஜினியர்.

"சார், எங்களுக்கு ஒரு பந்தி கதை சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதா?" என்றாள். "சாம்பார் வாளிய மொத எலைக்காரன் புடுங்கி வச்சிக்கிட்டா அடுத்த எலைக்கு என்னா வரும்னு கேப்பீங்க. நாங்கதான் சார் அந்த அடுத்த எலை. எங்களுக்கு வர வேண்டிய மணலு அம்புட்டும் பூவாடிக்குப்பத்துல குமிஞ்சி கெடக்குது. இங்க கல்லு போட்டா எங்களுக்கு வடக்க இருக்கற ஊரு போவும். கல்லு வாணாம் சார். தெக்க நிக்கிற மணல வாரி இங்க கொட்டச் சொல்லுங்க. மழைக்கி முன்னாடி செஞ்சா ஊரு பொழைக்கும். நான் எழுதிப் போட்டா யாரும் கண்டுக்க மாட்டறாங்க. அந்தக் கல்லாலதான் இப்பிடி ஆச்சின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள்.

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடலைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அக்கா ஊரைக் கடலுக்குக் கொடுத்த பேராசிரியர் ஆகியிருப்பார். வாழ்நாள் சாதனை விருதுக்கு அவர் பெயர் போயிருந்தது, அது திரும்பி வந்திருக்கும். இன்னும் பல ஊர்களுக்குத் தூண்டில் வளைவு போடும் திட்டத்துக்கு அவர்தான் ஆலோசகர், அதுவும் நின்றிருக்கும். இவ்வளவையும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டு முடித்தார். ஆயிரக்கணக்கான பேருக்குப் பாடம் நடத்திய வாய், கொழுக்கட்டை அடைத்ததுபோல மூடிக்கொண்டது.

அப்போதுதான் ராணியம்மாள் பெண்கள் கும்பலிலிருந்து விடுவிடுவென்று வந்தாள். வயதுக்கு மீறிய வேகம். "யாரப் பாத்து என்னாடி பேசற?" என்று தமிழினியின் கன்னத்தில் அறைந்தாள். சப்தம் கோயில் மதிலில் பட்டுத் திரும்பியது. "எந்தம்பியா ஊர அழிச்சான்? எந்தம்பியா?"

"அத்தே..." என்றாள் அந்தப் பெண், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

அடித்த கையோடு ராணியம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள். தாண்டவராயன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், மாலையிலிருந்து உதிர்ந்து வேட்டியில் கிடந்த ரோஜா இதழைத் தட்டிவிட்டார்.

மரியாதை செய்து அழைத்தவரைச் சபையில் பழித்தால் ஊர் சும்மா விடாது. பழித்தவர் சபைக்கு விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாணமாகாத பெண் என்றால் அவளுக்குப் பதில் தகப்பன் விழ வேண்டும். சுப்புராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மகளை ஒருதரம் பார்த்துவிட்டு, மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தலை மச்சானின் காலடியில் இருந்தது.

"போதும், எந்திரிங்க. சின்னப் பொண்ணு, விவரம் தெரியல" என்றார் தாண்டவராயன்.

எவ்வளவு பெரிய மனசு என்று சபை மெச்சியது.

சிதம்பரம் திரும்பும்போது, துறை அதிகாரியிடம் தனியாகப் பேசி, தன் பெயர் வராமல் மணலுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று உறுதியாக நினைத்துக்கொண்டார். புரட்டாசியில் நேரம் வாய்க்கவில்லை. ஐப்பசியில் விருதுக் குழு அவருடைய பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இந்த நேரத்தில் எதற்கு என்று விட்டார். மழை தீரட்டும் என்றார். மார்கழி நடுவில் 'தானே' என்ற புயல் வந்தது.

கடலூர்ப் பக்கம் முழுவதும் மரங்கள் படுத்துவிட்டன. பாதை திறந்து அவர் போய்ச் சேர்ந்தபோது பூவாடிக்குப்பத்து மணலில் படகுகள் கவிழ்ந்து கிடந்தாலும் ஊர் நின்றது. மேட்டுத்துறையில் மணல்மேடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. முன்வரிசை வீடுகள் ஒன்றுகூட இல்லை. ஜனங்கள் முதல்நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அக்கா வீட்டின் பின்சுவர் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. ராணியம்மாள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை.

"வா அக்கா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் குப்பத்துப் பேச்சு வந்தது.

அவள் எழுந்து வந்தாள். சிதம்பரம் வீட்டில் அவருடைய மனைவி மலர்க்கொடி நாத்தனாருக்கு ஒரு அறையை ஒழித்துக்கொடுத்து நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். கூடத்துச் சுவர் முழுக்கக் கேடயங்கள். ராணியம்மாள் கூடத்தில் உட்காருவதில்லை. பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில்தான் உட்காருவாள். போட்டதைச் சாப்பிடுவாள். கேட்டால் பதில் சொல்லுவாள்.

2012 மாசியில் கடலூரில் வாழ்நாள் சாதனை விருது விழா. தாண்டவராயன் ஏற்புரையில் அக்காவைப் பற்றிச் சொன்னார். மீன் கூடையைச் சொன்னார், விடுதி வாசலைச் சொன்னார், குரல் தழுதழுத்தது. புயலில் வீடிழந்து நிற்கும் அக்காவை மேடைக்கு அழைத்துத் தன் பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராணியம்மாள் பொன்னாடைக்குள் அசையாமல் நின்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர், துவைகல்லில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். விருதின் சூடு இன்னும் உடம்பில் இருந்தது.

"என்னாக்கா, நேத்து சந்தோசமா?"

"அந்தப் பொண்ண அன்னிக்கி அடிச்சேனே, எதுக்கு அடிச்சேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

"விடுக்கா அதெல்லாம். எம்மேல இருக்கற பாசத்துல..."

"நீ எந்திரிப்பேன்னு அடிச்சேன்."

தாண்டவராயன் நனைந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அவ வாயத் தொறந்ததும் ஒம் மூஞ்சியத்தான் பாத்தேன். சின்னதுல கூடைக்குள்ள கைய வுட்டுக் காச எடுத்துட்டு முழிப்பியே, அதே முழி. அவ சொல்றது நெசம்னு அப்பவே தெரிஞ்சிப்போச்சி. பொறத்தியார் சொல்லி நீ ஒத்துக்கினா அது ஒனக்கு அசிங்கம். நான் அடிச்சா, ஐயோ அடிக்காதக்கா, அவ சொல்றது நெசந்தான்னு நீயா எந்திரிச்சி வருவ, மானத்தோட வருவன்னு நெனச்சேன். நீ பூவத் தட்டி வுட்டுக்கினு குந்தியிருந்த. சரி, அவ அப்பன் வுழறப்பவாவது வருவேன்னு பாத்தேன்."

"அக்கா, நான் சொல்லியிருந்தாக்கூட மழைக்குள்ள வேலை முடிஞ்சிருக்குமான்னு..."

"வூடு போனா போவுது. கட்டனவரே போயிட்டாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணாத பொண்ண ஊருக்கு முன்னால கைநீட்டி அடிச்சிட்டேன்டா. ஒன்ன நம்பி அடிச்சிட்டேன். நாளைக்கி மேட்டுத்துறைக்குப் போயி அவ கால்ல வுழப்போறேன். சபை கூட்டச் சொல்லித்தான் வுழப்போறேன். நீ வரியா?"

தாண்டவராயன் வாயைத் திறந்தார். வரேன் என்று சொல்லத்தான் திறந்தார் என்று பிற்பாடு பலதரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு மீட்டிங் இருக்குதுக்கா" என்றார்.

ராணியம்மாள் தலையை ஆட்டினாள். கோபம்கூடப் படவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. காலையில் அவர் எழுந்து வருவதற்குள் துணிப்பையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். பொன்னாடை மடித்தபடி கூடத்து நாற்காலியில் இருந்தது. மேட்டுத்துறையில் சபை கூடியதாகவும், அக்கா விழப்போனபோது அந்தப் பெண் குறுக்கே பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததாகவும், இப்போது அக்கா சுப்புராயன் வீட்டை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பில் இருக்கிறாள் என்றும் மலர்க்கொடிதான் விசாரித்துச் சொன்னாள். திரும்பி வரமாட்டாளாம்.

மீட்டிங் நடந்தது என்னவோ உண்மை. மேட்டுத்துறைக்கு இரண்டு தூண்டில் வளைவுகள் போட அன்றைக்குத்தான் முடிவானது. சித்திரையில் அதிகாரிகள் மாதிரியைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தார்கள். அதே தொட்டி, புது மணல். தாண்டவராயன் கையில் குச்சியோடு நின்று விளக்கினார். மோட்டார் ஓடியது, அலை வந்தது, மேட்டுத்துறையில் மணல் அழகாகச் சேர்ந்தது. தொட்டியின் வடக்குச் சுவர் மேட்டுத்துறையோடு முடிந்தது. அதற்கு அப்பால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.